மொழிமுதல் ழகரம்

லான்ஜோ ரயில் நிலையத்தில் ஆரஞ்சு மேல்சட்டை கொடுத்தார்கள்.
முதுகில் மூன்று எழுத்து.
கைபேசியைக் காட்டினால் "தானாக வந்தவர்" என்றது.
அழைக்காமல் வந்தவள் என்று
நானே திருத்திக்கொண்டேன்.

உட்கார இடமில்லாத டிக்கெட்.
என் பச்சைத்தண்ணீர் பாட்டிலைப் பார்த்து
எதிர் இருக்கைப் பெண்மணி வயிற்றைத் தொட்டு முகம் சுளித்தார்.
பிடுங்கிப்போய்க் கொதிநீர் நிரப்பிவந்தார்.
பாட்டில் இடுப்பொடிந்து சுருங்கியது.
அடுத்த நிலையம் வரும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மின்ச்சினில் வேலை இதுதான்:
கோதுமை வைக்கோலை மணல்மேல் வரியாகப் பரப்பி
நடுவில் மண்வெட்டி வைத்து மிதித்து இறக்க வேண்டும்.
இரு முனையும் மேலே விறைத்து நிற்கும்.
மீட்டருக்கு மீட்டர் ஒரு கட்டம்.
கட்டத்துக்குள் ஒரு சுவோசுவோ கன்று.
அதற்கு அரை வாளி.
பாலைவனத்துக்குப் பாய் பின்னுகிறோம் என்று
முதல் நாள் குறிப்பேட்டில் எழுதினேன்.
மூன்றாம் நாள் அடித்துவிட்டேன்.
பாய்க்கு ஓரம் உண்டு.

காங் ஷியுமேய் முகத்தைச் சுற்றி ரோஜா நிறத் துணி,
கண் மட்டும் வெளியே.
நான் ஒரு கட்டம் முடிப்பதற்குள் அவர் ஏழு.
இடைவேளையில் ஒருநாள்
என் விமான டிக்கெட் எவ்வளவு என்றார்.
சொன்னேன்.
ஒரு கன்றின் விலை, ஓர் ஆளின் கூலி,
குச்சியால் மணலில் வகுத்தார்.
விடையைக் காற்று அழிக்குமுன் படித்துவிட்டேன்.
கோபமில்லை அவருக்கு.
கணக்குச் சரிதானா என்று
இன்னொரு தரம் பார்த்தார், அவ்வளவுதான்.
மறுநாள் என் உயரத்துக்குத் தோதாக
நீளக் காம்பு போட்ட மண்வெட்டி வந்திருந்தது.

இரவில் சமையல்காரர் டோவ் பாடம் நடத்துவார்.
மனிதர் என்ற சொல்.
பிரேசிலிலிருந்து வந்த தடேயு "ஹென்" என்றான்.
பின்லாந்து மார்யெட்டா "ர்ரென்" என்று உருட்டினாள்.
என் முறை. நாக்கு தானாக மடிந்தது.

ழென்.

கரண்டியைக் கீழே வைத்தார் டோவ்.
இன்னொரு தரம்.
ழென், மனிதர்.
ழெ, சூடு.
ழி, சூரியன்; நாளுக்கும் அதே சொல்.

எங்கள் இலக்கணத்தில் மொழிமுதல் வராத எழுத்து.
மழையின் நடுவில், யாழின் முடிவில்
எங்கோ உள்ளறையில் இருந்தவள்
இந்த வீட்டில் வந்து வாசல் திறக்கிறாள்.

பாஸ்போர்ட்டில் என் ழகரம்
இசட்டும் ஹெச்சுமாகக் கிடக்கிறது.
புனே அலுவலகத்தில் ஒன்பது வருடம் எஜினி, எசினி,
சிலநாள் வெறும் ஜீனி.
ஷியுமேய்க்கும் எஜினிதான்.
கழுத்து அட்டையைக் கவிழ்த்துச் சொன்னேன்:
அந்த ஜி இல்லை. சூரியன் ழி.
"எ. ழி. னி."
தடுக்காமல் சொன்னார்.
பிறகு மணலில் எழுதினார்:
வாத்து, சூரியன், நீ.
வாத்தா?
அந்த ஒலிக்கு வேறு எழுத்தும் உண்டாம்.
மணலில் நான் நடப்பதை நடித்துக் காட்டி
இதுதான் பொருத்தம் என்றார்.
எழினி என்றால் திரை, என்றேன்.
வைக்கோல் வரியைக் காலால் தட்டினார்.
இதுபோலவா?
இதுபோலத்தான்.

அப்புறம் காற்று.
மதியம் மஞ்சளாகி, பழுப்பாகி, விளக்குப் போட்டோம்.
இரண்டு நாள் பல்லிடுக்கில் மணல், நூடுல்ஸில் மணல்,
மூடிய பெட்டிக்குள் மடித்த சட்டையில் மணல்.

மூன்றாம் நாள் என் வரிசை இருந்த இடத்தில்
வழவழவென்று ஒரு மேடு.
ஷியுமேய் மண்டியிட்டு விரலால் துழாவினார்.
வெளியே தெரிந்த நுனிகளை எண்ணி
இரு விரலைக் குறுக்கே வைத்துப் பத்து காட்டினார்,
கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டி ஆறு.
நட்டது முந்நூற்று நாற்பது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
வைக்கோல் வண்டி வந்துவிட்டது,
இறக்கப் போய்விட்டார்.

விசாவில் இன்னும் ஒன்பது ழி.